ஞாயிறு காலைச் சவாரி: வாசகியர் கேள்வி – பதில்

வார இறுதியில் சைக்கிளில் வீதிக்கு இறங்கும் பெண்கள் தங்கள் சவாரியைப் பற்றியும் அதில் எழும் ஐயங்களைப் பற்றியும் எழுதலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். இலங்கையின் கிழக்குக் கரையில் செங்கலடியிலிருந்து திருக்கோவில் வரை பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்தன. சிலர் கேள்வி எதுவும் கேட்காமல் தாம் போய்வந்த வழியை மட்டும் எழுதியிருந்தார்கள். பெயர் போட வேண்டாம் என்று பெரும்பாலானோர் கேட்டுக்கொண்டதால் ஊரை மட்டும் குறிப்பிட்டுப் பதில் எழுதுகிறேன்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஓர் ஆசிரியை:

அன்புள்ள அக்கா, ஆறாம் வகுப்பிலிருந்து உயர்தரம் முடியும்வரை நான் சைக்கிளில்தான் பாடசாலைக்குப் போனேன். வேலை கிடைத்ததும் ஸ்கூட்டி வாங்கினேன். சைக்கிள் கிணற்றடியில் துருப்பிடித்துக் கிடந்தது. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்துப்போய் அதைத் திருத்தி எடுத்தேன். பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அதை விட மனம் வரவில்லை. இப்போது நானும் இரண்டு தோழியரும் ஞாயிறு காலைகளில் ஓந்தாச்சிமடம், கோட்டைக்கல்லாறு கடந்து பெரியகல்லாறு வரை போய் வருகிறோம். வழியில் காண்பவர்கள் எல்லாரும் "எங்க போறீங்க டீச்சர்?" என்று கேட்கிறார்கள். சும்மா போகிறோம் என்று சொல்லக் கூச்சமாக இருப்பதால் கோயிலுக்கு என்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பொய் மனதை உறுத்துகிறது. என்ன சொல்லலாம்?

பதில்: உங்களுடைய கடிதத்தை நான் மூன்று முறை வாசித்தேன், ஏனென்றால் நானும் பல மாதங்கள் இதே பொய்யைச் சொன்னவள். எங்கள் ஊர்களில் பெண் சைக்கிளில் போவது எவருக்கும் புதிதன்று. எரிபொருள் கிடைக்காத போர்க்காலத்தில் அரிசி மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டும், காய்ச்சல்காரப் பிள்ளையை முன்னால் இருத்திக்கொண்டும் எங்கள் தாய்மார் மிதித்த தூரத்தை யாரும் அளந்து வைக்கவில்லை. ஆனால் அந்தச் சவாரி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வேலை இருந்தது: பாடசாலை, சங்கக்கடை, வயல், ஆஸ்பத்திரி. வேலை இல்லாமல், உடம்பும் மனமும் விரும்புகின்றன என்பதற்காக மட்டும் ஒரு பெண் வீதியில் போவதுதான் புதிது. ஓர் ஆண் மாலையில் சந்திக்குப் போய் ஒரு மணித்தியாலம் நின்றுவிட்டு வந்தால் அதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். "எங்க போறீங்க?" என்பது எங்கள் பக்கத்தில் பாதிக்கு மேல் கேள்வியே அல்ல, அது வணக்கம் சொல்வதற்குப் பதிலாகச் சொல்லப்படும் சொல். அதை விசாரணையாக எடுத்துக்கொண்டு காரணம் தேடத் தொடங்கினால்தான் பொய் தேவைப்படுகிறது. காரணத்தைச் சொல்லாதீர்கள், இடத்தைச் சொல்லுங்கள்: "பெரியகல்லாறு மட்டும் போய் வாறம்." அதில் பொய்யும் இல்லை, விளக்கமும் இல்லை. நான் அப்படிச் சொல்லத் தொடங்கிச் சில கிழமைகளில் கேள்வி மாறியது. "இண்டைக்கு எதுவரைக்கும்?" என்று கேட்டார்கள். பிறகு ஒரு நாள், கேட்டவர்களில் ஒருவர் தன் மகளை அனுப்பலாமா என்று கேட்டார்.

தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தறிவோடு சேர்த்துச் சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்பித்தார்கள். கல் உடைக்கும் பெண்களும் வயல் வேலைக்குப் போகும் பெண்களும் பெருந்தொகையாக அதைக் கற்றார்கள். பஸ்ஸுக்காகவும், வீட்டு ஆணின் வசதிக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை என்று ஆனதுதான் அவர்கள் பெற்ற முதல் பயன். உங்களுக்கு அந்தப் பயன் சிறுவயதிலேயே கிடைத்துவிட்டது. இப்போது எடுத்துக்கொண்டிருப்பது அதற்கு அடுத்ததை.

காத்தான்குடியிலிருந்து ஒரு வாசகி:

நான் ஹபாயா அணிபவள். என் நானா (அண்ணன்) எனக்குக் கியர் உள்ள, நடுவில் உயரமான தண்டு வைத்த சைக்கிள் ஒன்றை ஆசையோடு வாங்கித் தந்தார். விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு தங்கையும் நானும் கடற்கரை வீதியில் ஓடுகிறோம். ஏறி இறங்குவது பெரும் பாடாக இருக்கிறது. ஐந்து கிலோமீற்றர் போவதற்குள் உட்காரும் இடம் மரத்துப்போகிறது. என்னுடைய உடம்பு இதற்குப் பழகாதா?

பதில்: உடம்பில் பிழை இல்லை, சைக்கிள்தான் உங்களுக்குப் பொருந்தவில்லை. நானாவின் அன்பை மதித்துக்கொண்டே அதை மாற்றிக்கொள்ளக் கேளுங்கள். தண்டு தாழ்வாக வளைந்து இறங்கும் பெண்கள் சைக்கிளே உங்களுக்கு ஏற்றது; லுமாலாச் சைக்கிள்களில் அந்த வகை நெடுங்காலமாக இருக்கிறது, பழையதாக வாங்கினாலும் குறைவில்லை. செயினை முழுவதும் மூடும் உறையும், பின்சில்லின் மேற்பாதியை இருபுறமும் மறைக்கும் வலையும் கட்டாயம் இருக்க வேண்டும். ஹபாயாவாயினும் சேலையாயினும் தாவணியாயினும், ஓடும் சில்லுக்குள் துணி போனால் சைக்கிள் அந்த நொடியிலேயே நின்றுவிடும். ஓட்டுபவர் நிற்பதில்லை, முன்னால் எறியப்படுவார். கியரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கல்லடியிலிருந்து கல்முனை வரை பாலங்களின் ஏற்றத்தைத் தவிர வேறு மேடு கிடையாது. இந்தத் தரைக்கு ஒற்றைக் கியர் போதும், பழுதும் குறைவு. உப்புக்காற்று கியர் கம்பிகளைத் தின்னும் வேகத்தை ஒரு மழைக்காலத்திலேயே கண்டுகொள்வீர்கள்.

மரத்துப்போவதற்குக் காரணம் சீற். நாம் உட்காரும்போது உடம்பின் பாரத்தைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு முனைகள். பெண்களுக்கு இந்த முனைகள் பொதுவாகச் சற்று அகன்று இருப்பதால், ஒடுங்கிய சீற்றில் எலும்பு தாங்க வேண்டிய பாரம் நடுவில் உள்ள மென்மையான தசையின் மீதும் நரம்புகளின் மீதும் இறங்கிவிடுகிறது. ஆகவே பின்பக்கம் அகன்ற சீற்றைத் தேடுங்கள். மிக மெத்தென்று இருப்பதும் நல்லதன்று, ஏனென்றால் எலும்பு அமிழ்ந்துபோக நடுப்பகுதி மேலே அழுத்தும். சீற்றின் முனை வானத்தைப் பார்த்திருந்தால் அதைத் தரைக்குச் சமமாக இறக்குங்கள். உயரத்தைப் பார்ப்பதற்கு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி, பெடல் மிகக் கீழே இருக்கும்போது குதிக்காலை அதில் வையுங்கள். கால் நேராக நீண்டிருந்தால் உயரம் சரி. முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடிந்திருக்கும். எங்கள் பெண்களில் பலர் கால் நிலத்தில் முழுவதும் ஊன்ற வேண்டும் என்று சீற்றை மிகத் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். முழங்கால் வலிக்கு அதுவே முதற்காரணம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பெடலில் நின்று சற்று எழும்புங்கள், இரத்தம் ஓடும். இவ்வளவும் செய்தும் மரப்பு மாறாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஆரையம்பதியிலிருந்து ஒரு வாசகி:

இரண்டாவது பிள்ளை பிறந்து ஐந்து மாதமாகிறது. சைக்கிள் ஓடினால் கருப்பை இறங்கிவிடும் என்று மாமி தடுக்கிறார். உண்மையா?

பதில்: சைக்கிள் ஓட்டுவதால் கருப்பை இறங்குவதில்லை. பிரசவத்தின்போது இடுப்பின் அடித்தசைகள் தளர்வதும், நீண்டகால இருமலும், மலச்சிக்கலில் முக்குவதும், பாரமான சுமைகளைத் தூக்குவதுமே அதற்குக் காரணங்கள். தண்ணீர்க் குடம் தூக்கும்போது மாமி தடுக்கிறாரா என்று கேட்க வேண்டும் போலிருக்கிறது, ஆனால் அவர் உங்கள் மேலுள்ள அக்கறையில்தான் சொல்கிறார். அவரையும் அழைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். மருத்துவமாது சொன்னால் அவர் கேட்பார். சத்திரசிகிச்சை மூலம் பிரசவம் நடந்திருந்தால் வைத்தியர் சம்மதித்த பிறகே ஏறுங்கள். முதலில் பத்து நிமிடம் போதும்.

பெண்பிள்ளைகள் சைக்கிள் ஓடினால் கன்னித்தன்மை போய்விடும் என்ற பேச்சையும் இரண்டு தாய்மார் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். உடலைப் பார்த்துக் கன்னித்தன்மையைச் சொல்ல முடியும் என்பதற்கு மருத்துவ அடிப்படை ஏதும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் மகளிர், மனித உரிமை அமைப்புகளும் 2018இல் கூட்டாக அறிவித்துவிட்டன. அந்தப் பயத்துக்காக ஒரு பிள்ளையைச் சைக்கிளிலிருந்து இறக்காதீர்கள்.

செங்கலடியிலிருந்து ஒரு வாசகி:

போகும்போது பறப்பதுபோல் போகிறோம். வரும்போது காற்றோடு மல்லுக்கட்டி உயிர் போகிறது. எந்தத் திசையில் போவது நல்லது?

பதில்: காற்றை எதிர்த்துப் போய்விட்டு அது தள்ளத் திரும்ப வேண்டும் என்பது சைக்கிள்காரர்களின் பொது விதி. ஆனால் எங்கள் கரையில் விடியற்காலையில் காற்று அநேகமாக அசைவதில்லை. வெயில் ஏறிய பிறகே எழும்புகிறது. எனவே புறப்படும்போது வீசும் காற்றைப் பார்க்காமல் திரும்பும் நேரத்தில் வீசப்போவதைப் பார்த்துத் திசையை முடிவுசெய்ய வேண்டும். கச்சான் வீசும் மாதங்களில், அதாவது ஆனி முதல் ஆவணி வரை, தென்மேற்கிலிருந்து வரும் அந்தச் சுடுகாற்று உங்களை வடக்கே தள்ளும். அப்போது விடியலில் தெற்கே போய்விட்டு வடக்கு நோக்கித் திரும்புங்கள். மார்கழி, தை மாதங்களின் வாடைக்கு இது அப்படியே தலைகீழ்: வாழைச்சேனைப் பக்கம் போய்விட்டுத் தெற்கு நோக்கி வாருங்கள். மழை ஓய்ந்த கையோடு போவதானால் வெள்ளம் மூடிய குழிகளை நினைவில் வையுங்கள். தண்ணீர் நிற்கும் இடத்தில் ஆழம் தெரியாவிட்டால் இறங்கி உருட்டுவதில் அவமானம் இல்லை.

உங்கள் பக்கத்தில் ரெயில் கடவைகளும் உண்டு. தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தால் சில்லு இடுக்கில் சிக்கும்; எப்போதும் நேர்குறுக்காகக் கடக்க வேண்டும், மழையில் இரட்டைக் கவனம்.

மட்டக்களப்பு நகரிலிருந்து ஒரு தாதி:

நாங்கள் நான்கு பேர், எல்லாரும் வைத்தியசாலையில் வேலை செய்பவர்கள். கடமை இல்லாத சனிக்கிழமைகளில் கல்முனை வரை போய்த் திரும்புகிறோம். போக வர எழுபது கிலோமீற்றருக்கு மேல். எங்களுடைய சிக்கலை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு இத்தனை நாள் இருந்தோம். வழியில் கழிப்பறைக்குப் போக இடமில்லை. அதனால் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறோம். சென்ற மாதம் எங்களில் ஒருத்திக்குச் சிறுநீர்த்தொற்று வந்து காய்ச்சலில் படுத்துவிட்டாள். மற்றவர்களுக்கு அறிவுரை சொல்லும் நாங்களே இப்படிச் செய்கிறோம்.

பதில்: வந்த கடிதங்களில் என்னை அதிகம் வருத்தியது இதுதான். பெண்களின் நீண்ட தூரச் சவாரியைப் பற்றி எழுதுபவர்கள் சைக்கிளையும் சப்பாத்தையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இதைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டார்கள். பாடசாலையில் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர்ப் போத்தலைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுவரும் சிறுமி, வளர்ந்து தாதியாகி எழுபது கிலோமீற்றர் மிதிக்கும்போதும் அதே பயத்தைச் சுமந்துகொண்டு போகிறாள்.

உங்களுக்குத் தெரிந்ததை உங்களுக்கே சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வெயிலில் மிதிக்கும் உடம்பு ஒரு மணித்தியாலத்தில் அரை லீற்றர் முதல் ஒரு லீற்றருக்கு மேலும் வியர்வையாக இழக்கிறது. அதை ஈடுசெய்யாவிட்டால் தலைச்சுற்றும் தசைப்பிடிப்பும் வரும், வெப்பத்தில் மயங்கி விழவும் கூடும். சிறுநீர் குறைந்து, இருக்கும் சிறிதும் அடக்கப்படும்போது கிருமி பெருக வழி கிடைக்கிறது. தண்ணீரைக் குறைக்காதீர்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நாலைந்து மிடறு குடியுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் என்று தொடங்கி வெயிலுக்கும் உங்கள் வியர்வைக்கும் ஏற்பக் கூட்டுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போனால் வெறும் தண்ணீர் மட்டும் போதாது. இளநீரோ உப்பும் சீனியும் கரைத்த தேசிக்காய்த் தண்ணீரோ வேண்டும், வாழைப்பழம் இரண்டு கையில் இருக்கட்டும்.

இனி இடத்தின் சிக்கல். எரிபொருள் நிலையங்கள் விடியலிலும் திறந்திருக்கும், ஆனால் கழிப்பறைக் கதவில் பூட்டுத் தொங்குவதையே பல இடங்களில் கண்டிருக்கிறேன்; சாவியைக் கேளுங்கள், கேட்டால் தருகிறார்கள். எங்கள் குழு கண்ட நம்பகமான வழி வீடுகள்தான். பாதையில் பத்துக் கிலோமீற்றருக்கு ஒரு வீடு என்று உறவினர், தோழியர், உடன் வேலை செய்தவர்கள் ஆகியோரின் வீடுகளை முன்கூட்டியே கேட்டு வைத்திருக்கிறோம். குருக்கள்மடத்தில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை எங்களுக்காகப் பின்கதவைத் திறந்து வைப்பார்; கிணற்றடியில் துவாயும் புதுச் சவர்க்காரமும் இருக்கும். அந்த ஒரு வீடு இருப்பதால் எங்களில் மூன்று பேர் நீண்ட தூரம் வரத் துணிந்தார்கள். நீங்கள் நால்வரும் கல்முனை வரைக்கும் அப்படி நான்கு இடங்களைக் கண்டுபிடித்து, வீட்டுக்காரர் சம்மதித்தால், அந்தப் பட்டியலை நம்பிக்கையான மற்றப் பெண்களோடு பகிர்ந்துகொள்ளுங்கள். மாதவிடாய் நாட்களுக்கும் அதே இடங்கள் உதவும்.

இதோடு நின்றுவிடக் கூடாது. பொதுச் சுகாதாரத்தையும் பொதுப் பாதைகளையும் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளின் பொறுப்பில் வைத்திருக்கிறது. சந்தைக் கழிப்பறையை எட்டு மணிக்குப் பதிலாக ஆறு மணிக்குத் திறவுங்கள் என்று எழுத்தில் கேட்க நமக்கு உரிமை உண்டு. மீன் விற்க விடியலில் வரும் பெண்களும் அந்தக் கடிதத்தில் கையொப்பமிடுவார்கள். அவர்களுடைய தேவை நம்முடையதை விடப் பழையது.

கல்முனையிலிருந்து ஒரு வாசகி:

வெட்டவெளியான ஓர் இடத்தில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் பக்கத்தில் வந்து, ஒருவன் என் முதுகில் தட்டிவிட்டுப் போனான். விழப் பார்த்தேன். வீட்டில் சொன்னால் இனி விடமாட்டார்கள் என்பதால் சொல்லவில்லை.

பதில்: நீங்கள் செய்த பிழை எதுவும் இதில் இல்லை. அந்த இடத்தில் வாய் கொடுக்காமல், அடுத்த கடையோ வீடோ வரும்வரை ஓட்டிப்போய் நிற்க வேண்டும். இலக்கத் தகட்டை உடனே வாய்விட்டுச் சொல்லித் தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள், பதற்றத்தில் ஞாபகம் நிற்காது. உடனடி ஆபத்துக்கு 119, பெண்களுக்கான உதவிக்கு 1938, விழுந்து காயப்பட்டால் இலவச நோயாளர் காவு வண்டிக்கு 1990. தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவு, 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாலியல் தொல்லைக்கு ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. பொலிஸ் நிலையத்தில் பெண்கள், சிறுவர் பிரிவைக் கேளுங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதி, வாசித்துப் பார்த்த பின் கையொப்பமிடுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். உங்களைத் தடுக்காமல் உங்களோடு வரக்கூடிய ஒருவரை முதலில் தேர்ந்தெடுங்கள்.

திருக்கோவிலிலிருந்து ஒரு மாணவி:

பெண்களுக்கு உண்மையான வீதிச் சைக்கிள் ஓட்டப் போட்டி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, மகள். ஆண்களின் வீதி ஓட்டம் 1896இல் முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே நடந்தது. பெண்களுக்கு 88 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1984இல் லொஸ் ஏஞ்சலிஸில் நடந்த முதற்போட்டியின் தூரம் 79 கிலோமீற்றர். 2024இல் பரிசில் அது 158 கிலோமீற்றர். அதில் தங்கம் வென்ற கிறிஸ்டன் போக்னர் பல்கலைக்கழகத்தில் படகு வலித்தவர். படிப்பை முடித்து வேலைக்குப் போன பிறகே சைக்கிள் ஓட்டத்துக்கு வந்தார். உனக்கு நேரம் இருக்கிறது. தலைக்கவசத்தோடு ஓடு.

வெல்லாவெளியிலிருந்து ஒரு வாசகி:

சென்ற இதழில், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்கு விடியுமுன் போங்கள் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் பக்கத்தில் விடியுமுன் வீதியில் யானை நிற்கும். தயவுசெய்து திருத்துங்கள்.

பதில்: திருத்துகிறேன், மன்னிப்பும் கேட்கிறேன். கடற்கரைப் பக்கமான எழுவான்கரையின் வெயிலை மட்டும் நினைத்து எழுதிவிட்டேன். வெல்லாவெளி, வவுணதீவு, உன்னிச்சைப் பக்கங்களில் நன்றாக வெளிச்சம் வந்த பின்னரே போக வேண்டும். முதல் தேநீர்க்கடையில் நின்று, இரவு யானை எந்தப் பக்கம் வந்தது என்று கேட்டுவிட்டுப் போக வேண்டும். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன்: காலையில் மேற்கே போகும்போது சூரியன் முதுகில் இருக்கும், கிழக்கே திரும்பும்போது உங்கள் பின்னால் வரும் சாரதியின் கண்ணில் அது நேரே குத்தும், அவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். திரும்பும் வழியில் பளிச்சென்ற மஞ்சளோ செம்மஞ்சளோ உடுத்தி, ஒருவர் பின் ஒருவராக வாருங்கள்.

கல்லடியிலிருந்து ஒரு வாசகி:

எங்கள் சவாரிகளை எழுதிப் பகிர ஆசைப்படுகிறோம். "இனிமையான காலை, அழகான வாவி" என்பதற்கு மேல் எழுத வரவில்லை. என்ன எழுத வேண்டும்? படம் போடுவது பாதுகாப்பா?

பதில்: பாதுகாப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குத் திரும்பிய பிறகே பகிருங்கள்; போய்க்கொண்டிருக்கும்போது இருப்பிடத்தைக் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் காட்டுங்கள். சவாரியைப் பதியும் ஸ்ட்ராவா போன்ற செயலிகளில் தொடங்கிய இடத்தையும் முடித்த இடத்தையும் மறைக்க வழி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். உடன் வந்தவரின் படத்தை அவரைக் கேட்காமல் போடாதீர்கள். எல்லா வாரமும் ஒரே நேரம், ஒரே வழி என்று ஊருக்கு அறிவிக்கவும் வேண்டாம்.

என்ன எழுதுவது என்பதற்கு, இனிப் போகப்போகும் ஒருத்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு வாவியின் அழகு தெரியும். நிழல் எந்த இடத்தில் முடிகிறது, எந்தக் கடை ஆறு மணிக்குத் திறக்கிறது, எந்த வளைவில் நாய் துரத்துகிறது என்பவைதாம் தெரியாது. நாயென்றால் ஓடாமல் இறங்கிச் சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்பதையும், கடித்துவிட்டால் சவர்க்காரமிட்டு ஓடும் தண்ணீரில் கால் மணித்தியாலம் கழுவி அன்றே அரசாங்க வைத்தியசாலையில் நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசிக்குப் போக வேண்டும் என்பதையும் அவளுக்கு யாராவது சொல்ல வேண்டும். பட்ட சிரமத்தையும் மறைக்காதீர்கள். என் கடைசிச் சவாரியை நான் எழுதிய விதத்தைக் கீழே தருகிறேன்.

காலை ஐந்தே முக்காலுக்கு நகரிலிருந்து புறப்பட்டு, 1924இல் திறக்கப்பட்ட பழைய கல்லடிப் பாலத்தால் வாவியைக் கடந்தோம். 2013இல் வந்த புதிய பாலத்தில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. காத்தான்குடியில் பேரீச்சை மரங்கள் நிற்கும் நடுவீதியில் அந்த நேரத்தில் வாகனம் குறைவு, வெதுப்பகங்கள் திறந்திருந்தன. ஆரையம்பதிக்கு அப்பால் மேற்கே திரும்பியதும் நிழல் முடிந்தது. 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தில் பக்கக்காற்று இருந்தது, ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. பாலம் இறங்கிக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் சற்றுத் தூரம் போயிருப்பேன், பின்சில்லு சரசரவென்று இழுத்தது. காற்றுப் போய்விட்டது.

சைக்கிளைக் கவிழ்த்து, ரயரின் ஒரு பக்கத்தை நெம்பி ரியூபை வெளியே எடுத்துக் காற்றடித்தேன். ஓட்டை தெரியவில்லை, தண்ணீரில் அமிழ்த்திப் பார்க்கப் பாத்திரமும் இல்லை. அப்போது கீரைக்கட்டு ஏற்றிய பழைய சைக்கிளில் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மா இறங்கி வந்தார். ரியூபை வாங்கித் தன் உதட்டுக்கு மிக அருகே பிடித்து மெல்லச் சுற்றிக்கொண்டே போய், ஓரிடத்தில் நிறுத்தி, "இஞ்ச" என்றார். உதட்டு ஈரத்தில் காற்றுப் படும்போது மிகச் சிறிய ஓட்டையும் தெரிந்துவிடுகிறது. அந்த இடத்தை உரசு தாளால் உரசி, சொலூஷனைப் பூசி, அது பளபளப்பு அடங்கி விரலில் ஒட்டும் பதம் வரும்வரை சில நிமிடம் பொறுத்திருந்து ஒட்டுத் துண்டை வைத்து அழுத்தினேன். அவசரப்பட்டு ஈரத்தில் ஒட்டினால் அது கழன்றுவிடும். திரும்ப மாட்டப் போனபோது அவர் என் கையைத் தடுத்து, ரயரின் உட்பக்கத்தில் விரலை ஓட்டச் சொன்னார். நெருஞ்சி முள் அங்கேயே இருந்தது. அதை எடுக்காமல் மாட்டியிருந்தால் அடுத்த நூறு மீற்றரில் மீண்டும் போயிருக்கும்.

பாலம் வருவதற்கு முன் பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவையில், சைக்கிளை ஏற்றித்தான் அக்கரைக்குப் போவாராம். பாதை தாமதித்தால் கீரை வாடிவிடும் என்றார். எத்தனை வருடமாக ஓடுகிறீர்கள் என்று கேட்டேன். கலியாணத்துக்கு முதலே என்றார். புறப்படும்போது, கேட்காமலே சொன்னார்: "அந்த வளைவில வேலி ஓரமாப் போகாதீங்க மகள், நெருஞ்சி காஞ்சு கொட்டிக் கிடக்கு. தார் நடுவுக்குக் கொஞ்சம் ஏறிப் போங்க. கோயிலுக்கு இந்தப் பக்கம் ஒரு குழாய்க்கிணறு இருக்கு, தண்ணி நல்லம்."

அவர் சொன்ன வளைவையும் குழாய்க்கிணற்றையும் அன்று மாலையே எங்கள் குழுவுக்கு எழுதி அனுப்பினேன், இங்கேயும் எழுதிவிட்டேன்.